மருந்து கொடுத்தும் தேறாத ஆடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடு வளர்ப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஆடு மெலிந்தால் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல்கிறது. சரிதான். மருந்து கொடுத்தும் தேறாவிட்டால்? வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் வாசலில் இரண்டு மூன்று ஆடு கட்டியிருக்கும் பெண்கள் கேட்பது அதைத்தான்.

கால்நடை நோயறி ஆய்வகத்தில் திசுக்களைச் சீவிச் சாயமேற்றும் வேலை பார்த்தவள் நான். தீனி தின்றும் எலும்பும் தோலுமாகிச் சாகும் ஆடுகளில் ஜோனிஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இதை உண்டாக்குவது காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா. புழுக்கை ஒட்டிய மடியிலும் பாலிலும் இருந்து குட்டிக்குத் தொற்றி, ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். மாட்டுக்கு விடாத கழிச்சல் வரும், குடலும் தடிக்கும். ஆட்டில் பெரும்பாலும் கழிச்சலே இராது. குடலும் கண்ணுக்கு இயல்பாகவே படலாம்.

நுண்ணோக்கியில்தான் கொடுமை தெரியும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் விரல்கள் போல நிற்கவேண்டிய உறிஞ்சிகள் குட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவற்றினடியில், கிருமியை விழுங்கியும் அழிக்க முடியாத தற்காப்பு அணுக்கள் திரண்டு நிற்கும். சில ஒன்றுகூடிப் பல உட்கரு கொண்ட பேரணுக்களாகும். இவ்வகைக் கிருமியைக் காட்டித்தரும் சீல் நீல்சன் சாயமேற்றினால் நீலப் பின்னணியில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகக் கொத்துக் கொத்தாகத் தெரியும். சில ஆடுகளில் ஒரே ஒரு குச்சிக்காக நெடுநேரம் தேடவேண்டும். நிணநீர்க் கணுக்களின் நடுவே திசு செத்துச் சுண்ணாம்பு படிவதும் ஆடுகளில் உண்டு. இப்படிப் பழுதான குடல் சத்தைச் சரியாக உறிஞ்சாது; இரத்தத்தின் புரதமும் குடல் வழியே கசிந்துவிடும். தாடைக்கடியில் நீர் கோப்பது அதனால்தான். புழுத் தொல்லையிலும் அதே வீக்கம் வருவதால் மருந்து மேல் மருந்து கொடுத்துக் காசு கரைகிறது.

கடைசியில் அந்த ஆடு அடிமாட்டு விலைக்கு அடுத்த தெருவுக்குப் போகிறது. கிருமியும் கூடவே போகிறது. குணப்படுத்த வழியில்லாத நோயை இப்படிப் பரவவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆடு அறுக்கும் கூடமான புளியந்தோப்பு ஆடுதொட்டியும் மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகமும் வடசென்னையில்தான் இருக்கின்றன. அறுபடும் மெலிந்த ஆடுகளின் கடைச் சிறுகுடலில் ஒரு துண்டையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுவையும் திசு கெடாமல் காக்கும் பத்து விழுக்காடு ஃபார்மலினில் இட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மாநகராட்சியும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் ஏற்பாடு செய்யவேண்டும். வீட்டில் செத்த ஆட்டுக்கும் கட்டணமின்றி இதே பரிசோதனை கிடைக்கவேண்டும். முடிவை ஆடு வளர்த்தவருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
வியாசர்பாடி, சென்னை