வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி: கொயர் ஆட்கள் எல்லோரும் வாசிங்க

அன்பானவர்களே, தோத்திரம்.

இந்த வெள்ளி சாயங்காலம் 6.30-க்கு ஆலயத்திலேயே பயிற்சி. பாமாலை, கீர்த்தனை புத்தகத்தைக் கையோடு கொண்டு வாங்க. போனைப் பார்த்துப் பாட வேண்டாம். பக்கம் தள்ளுவதற்குள் பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பிந்திவிடுகிறது.

பழைய பெடல் ஆர்கனுக்குத் துருத்தித் தோல் மாற்றியாச்சு. நேற்று நம்ம ஆர்கனிஸ்ட் ஐயா உட்கார்ந்து, இரண்டு காலாலும் மிதித்து, ஒரே ஒரு கட்டையைப் பிடித்தார்கள். காற்று நிறைந்து ரீடு (உள்ளே அதிரும் உலோக நாக்கு) மெல்ல எழும்பின அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிட்டு. கீபோர்டில் அந்த மூச்சு கிடையாது.

ஒரு காரியம். பாமாலை மேல்நாட்டு மெட்டு; அதற்கு நாலு குரலும் ஆர்கனோடு சேர்ந்து போகணும். ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடும் அக்காமார் தைரியமாகப் பாடுங்க. கீர்த்தனை அப்படி இல்லை. அது ராகம், தாளம். அங்கே ஆர்கன் சுருதியாக ஒதுங்கி நிற்க, குரல்தான் முன்னால் போகணும். 1774-ல் இதே பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரும், 1827-ல் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் நம்ம மண்ணின் கவிஞர்கள். அவர்கள் பாட்டைத் தாளம் தப்பி இழுத்தால் மனசு கேட்காது.

சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுதும் சுரக்குறிப்பு) வாசிக்கத் தெரியாத தம்பி தங்கச்சிமார் 6 மணிக்கே வந்திடுங்க. ஐயா முதல் பாடத்திலிருந்து சொல்லித் தருவார்கள். சுக்குக் காபி உண்டு.