வால் இல்லாத மப்ளர்

உதகமண்டலம்,
டிசம்பர் 14.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முந்தாநாள் தொலைபேசியில் பேசும்போது, ஒரு வாரமாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தலையணையை மாற்ற வேண்டும் என்று சொன்னாய். காலை ஆறரை மணிக்கு மொகாலியில் இருசக்கர வண்டியை எடுத்துச் சண்டிகரைத் தாண்டிப் பஞ்ச்குலா வரை நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு போகிறவளுக்கு, குளிர் இறங்கிய அதே வாரத்தில் வந்த பிடிப்புக்குத் தலையணை என்ன செய்யும் என்று நான் கேட்கத் தொடங்கியதுமே, "ஊட்டியில் வளர்ந்தவளுக்குக் குளிரைப் பற்றிப் பாடமா அம்மா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். இத்துடன் வரும் பார்சலைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு.

நீ ஊட்டியில் வளர்ந்தது உண்மைதான். ஆனால் இங்கே நீ குளிரில் நடந்தாய், பேருந்தில் போனாய். குளிருக்குள் வண்டியைச் செலுத்தியதில்லை. தலைகுந்தாவிலும் காந்தலிலும் உப்பைத் தூவியது போலப் புல்லின்மேல் உறைபனி கிடக்கிற காலைகளில் பெரும்பாலும் இலைகூட அசைவதில்லை. காற்று அசையாத தெளிந்த இரவில்தான் உறைபனி நன்றாக விழும். அசையாத காற்றில் நம் உடம்பு தன்னைச் சுற்றி வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப் போர்வையைத் தானே உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. வண்டி நகர்ந்ததும் நீயே அந்தப் போர்வையை உருவி எறிந்துவிடுகிறாய். சண்டிகரில் ஜனவரி விடியல் சராசரியாக 6 டிகிரி என்றால் ஊட்டிக்காரிக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றாதுதான். ஆனால் அமெரிக்காவும் கனடாவும் 2001ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தி வரும் காற்றுக்குளிர் கணக்கின்படி, 5 டிகிரிக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் மூடாத தோலுக்கு அது 0 டிகிரி போலவும், 60 கிலோமீட்டரில் மைனஸ் 2 போலவும் படும். அந்தக் கணக்கு நடந்து போகிறவரின் முகத்தை வைத்துப் போடப்பட்டது. உன் கழுத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, திசையைத்தான் காட்டுகிறேன்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகிறது. இங்கே கொண்டை ஊசி வளைவுகளில் முப்பதுக்கு மேல் யாரும் போவதில்லை; உன் ஊரின் நேர்ச்சாலையில் நீ அறுபதில் போகிறாய். ஆகவே ஜெர்கின் காலருக்கும் ஹெல்மெட்டின் அடி விளிம்புக்கும் நடுவே இருக்கிற நான்கு விரற்கடை இடைவெளியில் காற்று நான்கு மடங்கு வலுவோடு முட்டுகிறது. முட்டியது கழுத்தோடு நில்லாமல் நெஞ்சுக்குள் இறங்கி, ஜெர்கினை உள்ளிருந்து ஊதி, நீ பணம் கொடுத்து வாங்கிய வெப்பத்தையெல்லாம் இடுப்பு வழியாக வெளியேற்றிவிடுகிறது. எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் நடுக்கம் போகவில்லை என்று போன வருடம் நீ புலம்பியதற்கு அந்தத் திறந்த வாசலே காரணம். கையுறை வாங்கினாய், கம்பளிக் காலுறை வாங்கினாய். வாசலைச் சாத்த மட்டும் மறந்துவிட்டாய்.

கழுத்தில் சளி உட்காரும் என்று உன் பாட்டி சொன்னதை நான் இங்கே கொண்டுவரவில்லை. சளி வைரசால் வருவது. முப்பது ஆண்டு கிராம சுகாதாரச் செவிலியராக இருந்துவிட்டு அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மயங்கிக் கிடப்பவருக்கு நாடி பார்க்க நாங்கள் ஏன் கழுத்தில் விரல் வைக்கிறோம் என்று யோசித்துப் பார். தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் இரண்டு பக்கமும் அங்கே அவ்வளவு மேலாக ஓடுகின்றன. மேலே மூடியிருக்கும் தோலும் மெல்லியது. உடம்பின் நடுப்பகுதி வெப்பத்தை இழக்கத் தொடங்கினால், உயிருக்கு வேண்டிய உறுப்புகளைக் காப்பாற்றக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தை உடம்பு குறைத்துவிடும். கழுத்து வழியாகக் காற்று புகுந்தால் விரல் மரத்துப்போவது இப்படித்தான். கையுறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

உன் பிடிப்புக்கு வருகிறேன். குளிர்காற்று பட்டதும் நாம் அறியாமலே தோள்களைக் காதை நோக்கித் தூக்கி, முகவாயை நெஞ்சோடு ஒடுக்கிக்கொள்கிறோம். மண்டையோட்டின் அடியில் தொடங்கித் தோள் வரை விரிகிற தசை நாற்பது நிமிடம் இறுகியபடியே ஹெல்மெட்டின் எடையையும் சுமக்கிறது. சாயங்காலம் மறுபடி நாற்பது நிமிடம். வலி ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குக் கவலை உன் ஊர் ரவுண்டானாக்களைப் பற்றித்தான். சண்டிகரில் செக்டருக்குச் செக்டர் ரவுண்டானா. ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் வருகிற வண்டியைத் தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். கழுத்து மரக்கட்டையாக இருக்கிறவள் தலையைத் திருப்ப மாட்டாள், கண்ணை மட்டும் திருப்புவாள். கண் ஹெல்மெட்டின் ஓரம் வரைதான் போகும்.

போன வருடம் நான் பின்னி அனுப்பிய அந்த ஆறடிப் பச்சை மப்ளர் இருக்கிறதே என்று நினைப்பாய். அதைத்தான் வண்டியில் போடாதே என்று சொல்ல வருகிறேன். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 1996 ஜனவரியில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நடந்தபோது, கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்கு, டி.வி.எஸ். 50இல் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியலில் போனேன். பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்குப் பெட்டிக்கு வெளியேயும் அதே விதி நடப்பில் இருந்தது. கழுத்தில் நீளமான கம்பளி மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைத் தோளுக்குப் பின்னால் போட்டுச் செருகியிருந்தேன். இறக்கத்தில் அந்த முனை நழுவியது எனக்குத் தெரியவில்லை. பின்சக்கரக் கம்பிகளில் சிக்கி இழுத்ததும் யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து வானத்தைப் பார்க்க வைத்தது போல இருந்தது. மெதுவாகப் போனதாலும், பின்னல் தளர்வாக இருந்து இழை இழையாகப் பிரிந்ததாலும் பிழைத்தேன். தேயிலைப் புதரில் விழுந்து எழுந்து, பெட்டியில் ஐஸ் சிந்தவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு மாதம் அந்தக் கோடு இருந்தது; உயர்கழுத்து ஸ்வெட்டர் போட்டு உன் அப்பாவிடம்கூட மறைத்தேன்.

பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காக, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு மோட்டார் சைக்கிளில் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் பாதி என்றால் மீதிப் பாதி திறந்திருக்கிறது என்றும் பொருள். முன்னால் இருப்பவளின் மப்ளர் முனை காற்றில் எந்தப் பக்கம் பறக்கும் என்று விதியால் சொல்ல முடியாது. துப்பட்டா சிக்கிக் கழுத்து நெரிபட்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வண்டியில் கழுத்துக்குப் போடுகிற எதற்கும் தொங்குகிற முனை இருக்கக் கூடாது. உள்ளே செருகிக்கொள்கிறேன் என்று சொல்லாதே. நானும் செருகித்தான் இருந்தேன்.

பார்சலில் இருப்பது குழாய் போன்ற கழுத்துறை. நீங்கள் நெக் வார்மர் என்று சொல்வது. நீளம் 10 அங்குலம்; முன்பக்கம் மட்டும் கீழே இன்னும் 6 அங்குலம் நாக்குப் போல நீட்டி, நெஞ்செலும்பை மூடும்படி விட்டிருக்கிறேன். தலை நுழையும் அளவுக்கு விரிந்து, கழுத்தில் சுருங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வரிப்பின்னல். கம்பளிக்கு ஓர் அருமையான குணம் உண்டு: தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மூச்சின் ஈரம் ஓயாமல் படுகிற இடத்துக்கு அதுதான் வேண்டும். பருத்தித் துணி நனைந்தால் அப்படியே குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் கம்பளிப் பின்னல் காற்றைத் தடுக்காது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு ஜன்னல். அதனால் முன்பக்கம் மட்டும் வெளியே என் பழைய மழைக்கோட்டுத் துணியை வைத்துத் தைத்திருக்கிறேன். பின்பக்கம் தைக்கவில்லை, வியர்வை போவதற்கு வழி வேண்டும். பார்க்க அழகாக இராது. கம்பளிக்குப் பேர்போன லூதியானா உனக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது, இங்கே திபெத்தியர் கடைகளில் நூல் தேடிப் பின்னி அனுப்புகிறாளே என்று சிரிப்பாய். கடையில் வாங்குவதானாலும் வாங்கிக்கொள், எனக்கு வருத்தமில்லை. காற்றுப் புகாத முன்பக்கமும் நெஞ்சை மூடும் நாக்கும் இருக்கிறதா என்று மட்டும் பார்.

போடுகிற வரிசை முக்கியம். முதலில் கழுத்துறை, அதன் நாக்கைச் சட்டைக்கு மேலும் ஜெர்கினுக்கு உள்ளும் விட்டு, ஜெர்கின் ஜிப்பைக் கடைசிப் பல் வரை ஏற்று. பிறகு கழுத்துறையைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டைப் போட்டு, வாரை முகவாய்க்கு அடியில் தோலை ஒட்டி மாட்டு. அதற்குப் பிறகுதான் கழுத்துறையை வாரின்மேல் ஏற்றி ஹெல்மெட்டின் விளிம்புக்குள் செருக வேண்டும். தடித்த துணியின்மேல் வாரை மாட்டினால் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும், விழும்போது துணி அமுங்கி வார் தளர்ந்து ஹெல்மெட் கழன்றுவிடும். ஹெல்மெட்டுக்குள் மங்கி குல்லா போடுவதும் இதே காரணத்தால் எனக்குப் பிடிக்கவில்லை. மிக மெல்லியதாக இருந்தால் போகட்டும். மூக்கு வரை ஏற்றி மூடாதே. மூச்சு மேலே போய் உன் மூக்குக்கண்ணாடியிலும் ஹெல்மெட் கண்ணாடியிலும் படிந்து, அங்கே ஏற்கனவே இருக்கிற ஜனவரி மூடுபனி போதாதென்று உனக்கென்று தனியாக ஒரு மூடுபனி உண்டாகும். கீழுதட்டுக்குக் கீழே நிற்கட்டும்.

ஏன் இரண்டு அனுப்பியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஜனவரியில் தோழிகளுடன் சிம்லா போகப் போவதாகச் சொன்னாய். சண்டிகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 320 மீட்டர், சிம்லா 2,200. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவதும் அநேகமாக இதே ஏற்றம்தான். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும் என்று வைத்தால், ஒரே பயணத்தில் 12 டிகிரி கீழே போகிறாய். மேட்டுப்பாளையத்தில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் பர்லியாறு வருவதற்குள் வியர்த்து, குன்னூரில் அந்த ஈரத்தோடு நடுங்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காலைக் குளிர் விட்ட பிறகு கிளம்பினால், கல்கா வரை கழுத்துறையைத் தளர்த்தியே வை. சோலனில் தேநீருக்கு நிற்கும்போது கழுத்தைத் தொட்டுப் பார். ஈரமாக இருந்தால் காய்ந்த இரண்டாவதை மாற்றிக்கொண்டு ஏறு. நிழலான வளைவுகளில் சாலையில் பனி உறைந்திருக்கும் நாள் என்றால் போகவே வேண்டாம். அதற்குக் கழுத்துறை உதவாது.

இதைப் பக்கத்திலிருந்து படித்த உன் அப்பா, ராஜ்தூத் ஓட்டிய காலத்தில் தான் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு போனதை எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். உண்மையில் அது மோசமான யோசனை இல்லை. காகிதம் காற்றை நன்றாகத் தடுக்கும். வழியில் குளிர் தாங்காவிட்டால் ஒரு நாளிதழ் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள். வண்டிக்கு முன்கண்ணாடி பொருத்திவிடு என்றும் சொல்கிறார். அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

இப்போதிருக்கும் பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் பத்து நிமிடம் போதும். எண்ணெய் போட்டு யாரையும் வெடுக்கென்று கழுத்தைச் சுளுக்கெடுக்க விடாதே. வலி கைக்கு இறங்கினாலோ, விரல்கள் மதமதத்தாலோ, காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து வந்தாலோ, எனக்குத் தொலைபேசி செய்வதற்கு முன் மருத்துவரைப் பார்.

பச்சைக் கழுத்துறை முதல் இரண்டு சலவைக்குச் சாயம் விடும், தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, படுக்கையாகப் போட்டு உலர்த்து. கொடியில் தொங்கவிட்டால் நீண்டு தளர்ந்துவிடும். ஆறடி மப்ளரைத் திருப்பி அனுப்பு. அதைப் பிரித்தால் இன்னும் இரண்டு பின்னலாம். உன்னோடு சிம்லா வருகிறவர்களின் கழுத்தளவைக் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா