பட்டன் போனுக்கு வேலை செய்யப் போகிறவளுக்கு

அன்புள்ள பாப்பா,

இங்கு எல்லோரும் நலம். பெரிய செயலிக் குழுவில் எடுக்காமல், பட்டன் போனுக்கான லைட் செயலியில் போட்டுவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டு எழுதியிருந்தாய். எனக்கென்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. விலை உயர்ந்த போனில் இடம் கொட்டிக் கிடக்கிறது. எப்படி எழுதினாலும் ஓடும். 2.4 அங்குலத் திரை, 512 எம்பி ராம் உள்ள ஜியோபோனில் ஓட வைப்பதற்கல்லவா மூளை வேண்டும்?

2011-ல் பட்டன் போன்களுக்கென்று 'பேஸ்புக் ஃபார் எவ்ரி போன்' என்ற செயலி வந்தது. ஸ்னாப்டூ என்ற இஸ்ரேல் நிறுவனத்தை வாங்கி, அதன் நுட்பத்தில் செய்தார்கள். 2,500-க்கும் மேற்பட்ட போன் மாடல்களில் ஓடியது. கனமான வேலையெல்லாம் அவர்களுடைய சர்வர் கணினியில் முடிந்துவிடும். வந்ததைக் காட்டுவதுதான் போனின் வேலை. 2013-ல் மாதம் 10 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். 2015-ல் வந்த பேஸ்புக் லைட்டும் இதே வழிதான்.

நம் கடைக்கு அப்போது வந்தவர்களில் பாதிப்பேர் மெமரி கார்டில் பாட்டு ஏற்ற வந்தவர்கள். மீதிப்பேரின் புகார் ஒன்றே: தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. போனில் தமிழ் எழுத்துரு இருக்காது. ஓபரா மினி என்ற பிரவுசரில் அதற்கு ஒரு வழி இருந்தது. முகவரி இடத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துரு வேண்டுமா என்ற கேள்விக்கு 'யெஸ்' கொடுத்துச் சேமித்தால் போதும், சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பிவிடும். நெட் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் இப்படி ஒரு வசதி இருப்பது கடைக்காரன் சொன்னால்தான் தெரியும் என்ற நிலை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. உன் செயலியில் தமிழ் முதல் திரையிலேயே தெரியட்டும். ஒளித்து வைக்காதே.

இன்னொன்று, அம்புக்குறிப் பொத்தானால் நகர்பவருக்கு ஒவ்வோர் இணைப்பும் ஓர் அழுத்தல். உங்கள் டிசைனர்கள் தொடுதிரையிலேயே வளர்ந்தவர்கள், இது அவர்களுக்குத் தோன்றாது. நீ சண்டை போட்டாவது இணைப்புகளைக் குறை.

பொங்கலுக்கு வரும்போது செயலியைக் கொண்டு வா. மேசை இழுப்பறையில் பழைய போன்கள் இருக்கின்றன. சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத பின்கட்டில் வைத்து ஓட்டிப் பார்ப்போம். அம்மா கூரியரில் எள்ளுருண்டை அனுப்பியிருக்கிறாள், அறைத் தோழிகளுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா