காளை இல்லாத இடம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். முழங்கால் அறுவைதான் காரணம். நடக்கத் தொடங்கியதும் முதலில் போனது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு. காளைமேல் கைவைத்துச் சாய்ந்து நிற்கும் சிவனான திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. சாய்ந்து நிற்பதற்கான காளை இன்று இல்லை. கை மட்டும் அதன் மேல் இருப்பதுபோலவே வெளியில் தங்கியிருக்கிறது.

ஓவியக் கல்லூரியில் நமக்கு எலும்பையும் தசையையும் எண்ணிக் கற்பித்தார்கள் அல்லவா? அந்தப் பழக்கத்தில் தேடினால் இம்மேனியில் ஒரு தசைகூடப் புடைத்து நிற்கவில்லை. ஆயினும் உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை, கண்ணுக்கு முன்பே, தையல் போட்ட என் முழங்கால் அறிந்துகொண்டது. தொடைக்கு வாழைத்தண்டு, இடைக்கு உடுக்கை என்று சிற்பிகள் சொல்வதைப் புலவர் வழக்கு என்று அன்று நாம் சிரித்தோம். வாழைக்கு எலும்பு ஏது? உள்ளே நிறைந்த நீர்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. உடலை நிமிர்த்துவது மூச்சு என்று கண்டவன், அதைக் காட்ட வாழையைத் தேடிப்போனதில் வியப்பில்லை.

மறுவாரம் சுவாமிமலைக்குப் போய் ஒரு பட்டறையில் சிலை வார்க்கும் வேலையைக் கவனித்தேன். ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து அளவு குறித்துக்கொண்டு, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் விரல்களை வடித்துக்கொண்டிருந்தார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில்தான் உலோகம் இறங்குகிறது. இவ்வளவு நுணுக்கமாகச் செய்ததை உருக்கிவிட மனம் வருமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மண்ணைக் குழைக்கப் போய்விட்டார்.

கலையில் ஆன்மிகம் என்பது எங்கே இருக்கிறது என்று நீ கேட்டிருந்தாய். கோயிலுக்கே போகாத என்னிடம் கேட்கிறாயே! எனக்குத் தெரிந்தவரையில், அந்தக் கைக்கும் இல்லாத காளைக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் இப்போது வரைந்து பார்க்கிறேன். நான்கு தாள் வீணாகிவிட்டது, ஐந்தாவதில் கை கொஞ்சம் பாரம் இழந்திருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். தோள் கோடு உனக்குப் பிடிக்காது என்று தெரியும். எங்கே பிசகியது என்று மட்டும் எழுது.

உன் அன்பு நண்பன்