எஃப்ஓபி என்று மட்டும் எழுதிவிடாதே

திருப்பூர்

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம்தானே? கரூரில் சொந்தமாக ஏற்றுமதி தொடங்குகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கோவையில் கல்லூரி தேடிக்கொண்டிருக்கிறோம்.

திரைச்சீலை, மேசை விரிப்பு பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் ஆர்டரிலேயே 'டெலிவரி தேதி' என்றால் எந்தத் தேதி என்று பையரிடம், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடம், எழுதி வாங்கிவிடு. போன வருடம் இங்கே ஒரு கம்பெனியில் ஆர்டரில் வெறும் தேதி மட்டும் இருந்தது. அதற்குள் சரக்கு லாரி ஏறினால் போதும் என்பது இவர்கள் கணக்கு. தூத்துக்குடியில் ஃபீடர் கப்பலில், அதாவது பெரிய துறைமுகம் வரை கொண்டுபோகும் சின்னக் கப்பலில், சரக்கு ஏறும் நாள் என்று ஷிப்பிங் ஏஜென்ட் நினைத்திருந்தார். பையரோ கொழும்பில் பெரிய கப்பல் கிளம்பும் நாளைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் பாதிச் சரக்கு விமானத்தில் போனது, செலவு முழுக்கக் கம்பெனி தலையில். தைத்தவர்கள் யாரும் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் எஃப்ஓபி, அதாவது கப்பலேற்றம் வரை விற்பவர் பார்த்துக்கொள்வார் என்கிற விற்பனை நிபந்தனை. ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது, ஆனால் பொறுப்பு எந்த இடத்தில் கைமாறுகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இந்தக் குழப்பம் புதிதல்ல. ஒரே சொல்லை நாட்டுக்கு நாடு வேறு விதமாக எடுத்துக்கொண்டதால்தான் பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1936இல் இன்கோடெர்ம்ஸ் என்ற, இத்தகைய வர்த்தகச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. 2000 பதிப்பு வரை, சரக்கு கப்பலின் விளிம்பைத் தாண்டும்போது பொறுப்பு பையருக்குப் போகும். 2010 பதிப்பில், கப்பலில் ஏற்றி வைத்த பிறகுதான் என்று மாற்றினார்கள். அமெரிக்க வணிகச் சட்டத்தில் எஃப்ஓபிக்குப் பக்கத்தில் பையரின் ஊர் இருந்தால், சரக்கு அங்கே போய்ச் சேரும்வரை சேதம் உன்னுடையது! அதனால் 'எஃப்ஓபி தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020' என்று முழுசாக எழுது.

அதைவிட நல்லது எஃப்சிஏ, இன்கோடெர்ம்ஸில் உள்ள இன்னொரு நிபந்தனை. கன்டெய்னரைத் துறைமுகத்தில் ஒப்படைத்த பிறகும் கப்பல் வரும்வரை அது யார்டில் கிடக்கும். எஃப்ஓபி என்றால் அந்த நாட்களில் மழையோ தீயோ, நஷ்டம் உனக்குத்தான், சரக்கு உன் கையில் இல்லாவிட்டாலும். எஃப்சிஏவில், குறித்த இடத்தில் பையரின் கேரியரிடம், அதாவது அவர் ஏற்பாடு செய்த போக்குவரத்துக் கம்பெனியிடம், ஒப்படைத்ததோடு உன் பொறுப்பு தீர்ந்தது. கன்டெய்னர் சரக்குக்கு இதுதான் பொருத்தம் என்று அந்தச் சபையே சொல்கிறது. எல்.சி.க்கு, அதாவது பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதத்துக்கு, சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் ஆன்போர்டு பில் வேண்டுமே என்று தயங்குவார்கள். 2020 பதிப்பில் அதற்கும் வழி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பையரிடம் கேட்க யாரும் வாய் திறப்பதில்லை என்பதில் எனக்குக் கோபமே உண்டு.

கம்பெனிக்குள்ளும் இதே கதைதான். தையல் சூப்பர்வைசருக்கு, கடைசி மெஷினை விட்டு இறங்கினால் பீஸ் 'ரெடி'. டாகுமெண்ட் பார்க்கும் பெண்ணுக்கு, கார்ட்டன் கட்டி, எடை போட்டு, இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆனால்தான் ரெடி. எங்கள் செக்‌ஷனில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன். தைத்தது, செக்கிங் முடிந்தது, கார்ட்டன் கட்டியது என்று மூன்று கட்டம் போட்ட தாள்தான் இப்போது. காலை மீட்டிங்கில் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது.

நூல் விலைக்காகப் பருத்திச் செய்தி படிக்கும்போது பேல், அதாவது பஞ்சுப் பொதி, கணக்கையும் பார்த்துக்கொள். நம் பேல் 170 கிலோ. அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் வரும் பேல் 480 பவுண்டு, கிட்டத்தட்ட 218 கிலோ.

பையர் அனுப்பும் வரைவில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. சரக்கு எண்ணிக்கையில் எத்தனை சதவீதம் கூடுதல் குறைவு ஏற்பார், அது ஆர்டர் மொத்தத்துக்கா, கலர் வாரியாகவா என்பதை மட்டும் இப்போதே கேட்டு வை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்