தடை தானாகத் தோற்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நூல் தடை பற்றிய கட்டுரை, 'தடை போட்டால் புத்தகத்துக்கு இலவச விளம்பரம்தான், பயப்பட ஒன்றுமில்லை' என்ற தொனியில் முடிந்திருந்தது. பணிக்காலம் முழுவதையும் நூலகத்தில் கழித்த எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு நாவலுக்குத் தடை விதித்தால் அப்படி நடக்கலாம். ஒரு மொழியின் அச்சுக்கே தடை விதித்தால்?

அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த லிதுவேனியாவில் அதுதான் நடந்தது. ரஷ்ய ஆட்சியை எதிர்த்து எழுந்த 1863 கிளர்ச்சியை ஒடுக்கிய கையோடு, லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல்களை அச்சிடக் கூடாது என்றது ஜார் அரசு. ரஷ்ய எழுத்தில் அச்சிடத் தடையில்லை. அரசே அப்படிச் சில நூல்களை வெளியிட்டது. மக்கள் அவற்றைச் சீந்தவில்லை. 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள் இந்த நிலைதான்.

நூல்கள் எல்லைக்கு அப்பால், ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் டில்சிட் போன்ற ஊர்களில் அச்சாகின. அதற்கு முதலில் ஏற்பாடு செய்தவர் ஓர் ஆயர், வலன்சியுஸ். அந்த நூல்களை மூட்டை கட்டி, இரவில் எல்லை தாண்டிக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண விவசாயிகள். யுர்கிஸ் பியெலினிஸ் என்பவர் பல பத்தாண்டுகள் இதே வேலையாக அலைந்தார். பிடிபட்டவர்களுக்குச் சிறை, சைபீரியா. எல்லையிலேயே சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. கட்டுரையாளர் சொல்லும் 'இலவச' விளம்பரத்துக்கு இவர்கள் கொடுத்த விலை இது.

மூட்டைக்குள் புரட்சி நூல்கள்தான் இருந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பகுதி ஜெபப் புத்தகம், அரிச்சுவடி, பஞ்சாங்கம். நூலகனான என்னை ரசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. புதிதாக அச்சான பல நூல்களின் தலைப்புப் பக்கத்தில் லிதுவேனியாவிலேயே இருந்த வில்னியுஸ் நகரப் பதிப்பகத்தின் பெயரும், தடைக்கு முந்தைய ஆண்டும் போட்டிருப்பார்கள். சோதனையில் சிக்கினால் 'இது பழைய புத்தகம் ஐயா' என்று சொல்லித் தப்பிக்கலாம் அல்லவா! நூற்பட்டியல் தயாரிப்பவர்களைப் பிற்பாடு இது என்ன பாடு படுத்தியிருக்கும் என்பது வேறு கதை.

ஆனால் புத்தகம் வந்து சேர்ந்தால் மட்டும் போதாதே, படிக்க ஆள் வேண்டுமே? அரசுப் பள்ளியில் ரஷ்ய மொழிதான். ஆகவே லிதுவேனிய எழுத்தை வீட்டிலேயே, பெரும்பாலும் தாய்மார்களே, சொல்லிக்கொடுத்தார்கள். பெட்ராஸ் ரிம்ஷா 1906இல் வடித்த சிற்பம் ஒன்றில் தாய் ராட்டையில் நூல் நூற்கிறாள். பக்கத்தில் பிள்ளை புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுகிறது. 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், லிதுவேனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த கோவ்னோ மாகாணத்தின் எழுத்தறிவு பேரரசின் சராசரியைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தது. அரசுப் பள்ளிகளை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

அந்தத் தடையைத் தோற்கடித்தது தடையின் முட்டாள்தனம் இல்லை. வாசிக்கத் தெரிந்த, வாசித்தே தீருவோம் என்ற ஒரு கூட்டம் வீடுவீடாக ஏற்கெனவே இருந்தது. அது இல்லாத ஊரில் தடை சத்தமில்லாமல் ஜெயித்துவிடும். எந்தப் புத்தகம் காணாமல் போனது என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. அப்படி ஜெயித்த தடைகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அதனால்தான் தடையெல்லாம் தோற்றுவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலோடு நிறுத்தாமல், அவற்றைச் சுமந்தவர்களையும் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களையும் பற்றி இரண்டு பக்கமாவது எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
திருவாரூர்