எட்டு அடி உயரம் ஏன்?

அன்புள்ள நிலாவுக்கு,

ஸ்டெம் செல்லிலிருந்து திசு வளர்க்கும் வேலைக்காக நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதப் போவதாகச் சொன்னாய். படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை முழுசாகப் படித்துவிடு. ‘இயற்கையோடு விளையாடாதே’ என்று எச்சரிக்கிற கதை என்பார்கள், பெரும்பாலும் படிக்காதவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிணங்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்கும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் எப்படி வேலை செய்தான், செய்து முடித்ததும் என்ன செய்யாமல் விட்டான் என்பதைத்தான் மேரி கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்.

பதிப்பைப் பார்த்து வாங்கு. 1818-இல் பெயர் போடாமல் மூன்று பாகங்களாக, 500 பிரதிகள் மட்டும் வந்தது முதல் பதிப்பு. 1831-இல் மேரியே திருத்தி, புது முன்னுரையோடு வெளியிட்டார். கடையில் கிடைப்பது பல நேரம் இந்தத் திருத்திய பாடம். கண்டுபிடிப்பது சுலபம்: விக்டர் மணக்கப்போகும் எலிசபெத் அவனுக்கு அத்தை மகளாக இருந்தால் 1818. எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தையாக இருந்தால் 1831. பிந்தைய பாடத்தில் விக்டர் அடிக்கடி விதியின் மேல் பழி போடுகிறான். முந்தையதில் அந்தத் தப்பிக்கும் வழி குறைவு. ஆராய்ச்சி செய்பவள் படிக்க வேண்டியது 1818 பாடம்.

அதில் முதல் பாகத்தின் மூன்றாம், நான்காம் அத்தியாயங்களை இரண்டு தடவை படி, ஆய்வகக் குறிப்பேட்டைப் படிப்பதுபோல. பிணவறுப்புக் கூடத்திலிருந்தும் கசாப்புக் கூடத்திலிருந்தும் பாகங்களைச் சேகரிக்கிறான். மனித அளவிலேயே செய்யத்தான் முதலில் நினைக்கிறான். நரம்பும் நாளமும் நுணுக்கமாக இருப்பதால் வேலை மெதுவாகிறது. அதனால் அளவைப் பெரிதாக்கிவிடுகிறான்: உயரம் சுமார் எட்டு அடி. நாவலில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும் இடம் இதுதான். செய்பவனின் வசதிக்காக, வேகத்துக்காக எடுத்த முடிவு, அந்த உயிர் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய உடம்பாகிவிடுகிறது. பின்னால் ஊர் ஊராக அதைப் பார்த்து ஜனங்கள் மிரண்டு ஓடும்போது இந்த வரியை நினைத்துக்கொள். அழகான அங்கங்களாகத்தான் பொறுக்கியிருந்தான். சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை. மஞ்சள் தோல், அடியில் இருக்கும் தசையை மூடக்கூடச் சரியாகப் போதவில்லை.

ஏறக்குறைய இரண்டு வருஷம், வீட்டின் உச்சியில் ஒதுங்கிய ஓர் அறை. பேராசிரியர்களிடம் வாய் திறக்கவில்லை, வீட்டுக்குக் கடிதமும் இல்லை. ‘இதை எதற்கு எட்டு அடி ஆக்குகிறாய்?’ என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இல்லை. உன் குழுவின் கேள்விகள் எரிச்சலூட்டும்போது அந்த அறையை நினைத்துப் பார்.

உயிர் வரும் காட்சியில், சினிமாவில் வருகிற இடியும் மின்னலும் கிடையாது. நவம்பர் மாதம், இரவு ஒரு மணி, கண்ணாடியில் மழை, அணையப்போகிற மெழுகுவர்த்தி. மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. மேரி செய்முறையைச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார். ஆனாலும் இது வெறும் கற்பனை என்று தள்ள முடியாத காலம் அது. இத்தாலிய விஞ்ஞானி கால்வானி செத்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்த ஆய்வு 1791-இல் வெளிவந்துவிட்டது. 1803-இல் லண்டனில் அவருடைய மருமகன் ஆல்தினி, தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்ச, தாடை துடித்து ஒரு கண் திறந்தது.

கண் திறந்ததும் விக்டர் படுக்கையறைக்கு ஓடிப் படுத்துவிடுகிறான். அது தேடி வந்து, திரையை விலக்கி, வாயில் ஏதோ குழறி, ஒரு கையை நீட்டுகிறது. மறுபடி ஓட்டம். அடுத்த நாள் அறை காலியாக இருப்பதைப் பார்த்துக் கைதட்டி மகிழ்கிறான்! எங்கே போயிற்று, பசிக்குமே, யாருக்காவது ஆபத்தா என்று ஒரு கேள்வி இல்லை. எழுதியவர் பிறந்த 11-ஆம் நாள் தாயை இழந்தவர், 1815-இல் தன் முதல் குழந்தையையும் பறிகொடுத்தவர். பிறந்த உயிருக்கு முதல் மணி நேரத்தில் என்ன தேவை என்று தெரிந்த கை எழுதிய காட்சி அது.

பிறகு விக்டரின் தம்பியைக் கொன்றதாகச் சொல்லி ஜஸ்டின் என்ற பணிப்பெண் தூக்குக்குப் போகிறாள். கொன்றது எது என்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். தவறு நடந்தபின் அதை ஒளிப்பது தனிக் குற்றம். விண்ணப்பத்தில் அதற்கும் இடம் வை: வளர்ப்பு எதிர்பாராதபடி போனால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வாய்? குறிப்பேடு விஷயத்திலும் கவனம். விக்டரின் நான்கு மாதக் குறிப்பு, அவன் மறந்துபோன சட்டைப்பையில் கிடந்து அந்த உயிரின் கைக்கே போய்ச் சேர்கிறது. தன்னை எவ்வளவு அருவருத்தான் என்று அது படித்துத் தெரிந்துகொள்கிறது.

மூன்றாம் பாகத்தில், ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில், அந்த உயிர் துணையாகக் கேட்ட பெண் உயிரைச் செய்யும்போதுதான் அவன் முதல்முறையாக நின்று யோசிக்கிறான். தான் பிறக்கும் முன்னே போட்ட ஒப்பந்தத்துக்கு அவள் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறான். ஒப்புதல் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியை உன் படிவத்தில்கூட நீ பார்க்க மாட்டாய். கேட்டுவிட்டு அவளைக் கிழித்துப் போடுகிறான் என்பது வேறு கொடுமை. கதையைக் கேட்டு எழுதும் வால்டன், வடதுருவப் பனியில் மாலுமிகள் திரும்பக் கேட்டபோது கப்பலைத் திருப்புகிறான். மனமில்லாமல்தான். இருந்தாலும் திருப்புகிறான்.

இன்னொன்று, ஒரே உட்காரலில் முடியும்: ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’. வங்காளத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதியது. 1905-இல் கமலா சத்தியநாதன் நம் மெட்ராஸிலிருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வந்தது. பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று பலூன் வைத்து மேகத்திலிருந்து தண்ணீர் இறக்குகிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. சமையல் அந்த வெப்பத்தில்தான், அடுக்களையில் புகையே இல்லை. படையெடுத்து வந்த எதிரியைப் பொசுக்கி விரட்டுவதும் அதே வெப்பம்தான். கதை அதை வெற்றியாகக் கொண்டாடுகிறது. எனக்கு அந்த இடத்தில் மனசு சமாதானமாகவில்லை. நீ படித்துவிட்டுச் சொல்.

படிவத்தில், வேலை முடிந்தபின் திசுவை யார் பார்த்துக்கொள்வார்கள், எவ்வளவு நாள், எப்படி அழிப்பீர்கள் என்ற பகுதியைக் கடைசிக்கு விடாமல் முதலில் எழுது. வரைவை அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா